உல்லாசக் கப்பற்பயணம்: பிறப்பும் கவர்ச்சியும்

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் எங்கள் பள்ளி ஆசிரியர் சிலர் கிள்ளான் துறைமுகத்திலிருந்து இரண்டு இரவுக் கப்பற்பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தனர். என்னையும் அழைத்தனர், வீட்டிலுள்ள முதியோரையும் உடன் அழைத்து வரலாம் என்றனர். என் தாயார் எண்பதை எட்டியவர். ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1950-களின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். செய்தியைச் சொன்னதும், "கப்பல் எந்த ஊருக்குப்பா போகுது?" என்று கேட்டார்.

"எந்த ஊருக்கும் இல்லைம்மா. கடலிலே சுற்றிவிட்டு இங்கேயே திரும்பிவிடும்" என்றேன்.

"ஊருக்குப் போகாத கப்பலிலே என்னத்துக்கு ஏறணும்?" என்றார்.

அக்கேள்விக்கு அப்போது என்னால் தக்க விடை கூற இயலவில்லை. ஆயினும் அது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. இன்று உலகில் ஆண்டுதோறும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உல்லாசக் கப்பல்களில் செல்கின்றனர். சிங்கப்பூரும் கிள்ளான் துறைமுகமும் பினாங்கும் அக்கப்பல்கள் வந்து போகும் துறைகளாக விளங்குகின்றன. இப்பயணம் கவர்ச்சியுடையதா, அன்றா என்று கேட்டால், அஃது அவரவர் விருப்பம் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால், ஒன்றன் கவர்ச்சியை அளந்தறிய விரும்புவோர், அது யார் பொருட்டு, என்ன காரணத்தால் தோன்றியது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கியபோது எதிர்பாராத ஓர் உறவு எனக்குப் புலப்பட்டது. உல்லாசக் கப்பலும், நம் முன்னோரை இந்நாட்டுக்குக் கொணர்ந்த கப்பலும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பிழைப்புத் தேடிக் கடல் கடந்தோரின் கப்பல் வயிற்றிலேயே இன்பம் தேடுவோரின் கப்பல் பிறந்தது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையில் இன்பம், கடலில் பொருள்

முதலில் நம் நூல்களைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றே ஒரு காதை உண்டு. இந்திரவிழா முடிந்தபின் புகார் நகரத்து மக்கள் கடற்கரையில் கூடி மகிழ்ந்ததையும், கோவலனும் மாதவியும் அங்குச் சென்றதையும் அது கூறுகின்றது. ஆனால் அவ்வின்பம் கரையோடு நின்றுவிடுகின்றது. கலமேறிக் கடலுக்குள் சென்றவன் வேறு நோக்கம் உடையவன். மணிமேகலையில் வரும் சாதுவன் கணிகையிடத்தும் சூதிலும் தன் பொருளை இழந்து, மீண்டும் பொருள் தேடும்பொருட்டு வணிகரோடு கலமேறினான். கலம் உடைந்தது, நாகர் வாழும் மலைப்பக்கத்தில் கரை சேர்ந்தான்.

தொல்காப்பியர் அகத்திணையியலில், முந்நீர் வழியாகச் செல்லுதல் மகளிரோடு கூடி நிகழ்வதில்லை என்று வரையறுத்துள்ளார். முந்நீர் என்பதற்குக் கடல் என்றே பொருள் கொண்டால், தலைவன் தலைவியை உடன் அழைத்துக்கொண்டு கப்பலேறுதல் அகப்பொருள் மரபில் இல்லை என்பது தெளிவாகும். இன்பம் கரைக்கு உரியது, கடல் பொருளுக்கு உரியது என்பதே பண்டைய கருத்து எனலாம். என் தாயார் தொல்காப்பியம் படித்தவர் அல்லர். எனினும் அவருடைய கேள்வி அம்மரபின் வழிவந்த கேள்வியே.

மேனாட்டு முதன்முயற்சிகள்

மேனாட்டாரும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். பாய்மரக் கப்பல் காற்றை நம்பிச் செல்வது. இன்ன நாளில் இன்ன ஊரை அடையும் என்று உறுதி கூற இயலாத கலத்தில் விடுமுறையைக் கழிக்க யாரும் துணியார். நீராவிக் கப்பல் வந்த பின்னரே நாள் குறித்துப் புறப்பட்டு நாள் குறித்துத் திரும்பும் பயணம் கைகூடிற்று.

1844-ஆம் ஆண்டில் பி. அண்டு ஓ. எனப்படும் ஆங்கிலக் கப்பல் நிறுவனம் எழுத்தாளர் தாக்கரேயைக் கட்டணமின்றி மத்தியதரைக் கடற்பகுதிக்கு அழைத்துச் சென்றது. அவர் அப்பயணத்தை நூலாக எழுதி 1846-இல் வெளியிட்டார். அந்நிறுவனத்தின் தொழில் அஞ்சல் கொண்டு செல்வது. உல்லாசப் பயணி அஞ்சற் பைகளோடு கூடுதலாக ஏற்றப்பட்டவர். தாக்கரே முதலில் ஏறிய கப்பலின் பெயர் லேடி மேரி வுட். அதே கப்பல்தான் மறு ஆண்டு, 1845 ஆகஸ்டில், அந்நிறுவனத்தின் முதல் ஐரோப்பிய அஞ்சலைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தது. இன்பப்பயண வரலாற்றின் முதல் ஏட்டிலேயே நம் கடற்பகுதியின் பெயரும் இடம் பெறுதல் கருதத்தக்கது.

1867-இல் நியூயார்க்கிலிருந்து குவேக்கர் சிட்டி என்னும் கப்பல் ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் புறப்பட்டது. பயணம் ஐந்து திங்கள். கட்டணம் 1,250 டாலர். அக்காலத்தில் அது பெருந்தொகை. அப்பயணிகளுள் ஒருவராகிய மார்க் டுவைன் 1869-இல் வெளியிட்ட நகைச்சுவை நூலே அவரைப் புகழ் பெறச் செய்தது. இவையெல்லாம் தனித்தனி முயற்சிகள். உல்லாசப் பயணத்தை ஒரு தொழிலாக ஆக்கியவர் ஒரு ஜெர்மானியர்.

குடியேறுவோர் கப்பலில் பிறந்தது

அவர் பெயர் ஆல்பர்ட் பாலின். 1857-இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை, அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழை மக்களுக்குக் கப்பல் இடம் பிடித்துத் தரும் முகவர். தந்தை இறந்தபின் பாலின் இளமையிலேயே அத்தொழிலை மேற்கொண்டார். 1886-இல் ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தில் பயணிகள் பகுதிக்குத் தலைவரானார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வறுமைக்கும் கொடுமைக்கும் தப்பி வந்தோர் கப்பலின் கீழ்த்தட்டில் நிறைந்து சென்றனர். நிறுவனத்துக்கு நிலையான வருவாய் அவர்களிடமிருந்தே வந்தது.

ஆனால் குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும், பயணிகள் குறைவர், பெருங்கப்பல்கள் துறையில் வீணே நிற்கும். நிற்கும் கப்பலுக்கும் செலவு உண்டு. எனவே பாலின் 1891 ஜனவரி 22-ஆம் நாள் ஆகஸ்டா விக்டோரியா என்னும் கப்பலை 241 செல்வரோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். இரண்டு திங்கள் கழித்து அது திரும்பிற்று. இத்துணைப் பெருங்கப்பலைச் சுற்றுலாவுக்கு விடுவது அறியாமை என்று நகைத்தோரும் இருந்தனர். பயணம் வெற்றியடையவே ஆண்டுதோறும் தொடர்ந்தது. பின்னர், குடியேறுவோருக்கு இடமே இல்லாமல், முற்றிலும் உல்லாசத்துக்கென்றே பிரின்சஸின் விக்டோரியா லூயிஸ் என்னும் கப்பலை 1900-இல் கட்டி மிதக்கவிட்டார். 1906 டிசம்பரில் அது ஜமைக்காத் தீவருகே பாறையில் மோதி அழிந்தது.

இதற்கிடையே 1892-இல் ஹாம்பர்க்கில் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழி குடியேறுவோர்மீது விழுந்தது. 1901-இல் பாலினுடைய நிறுவனம் அவர்களுக்கென நகர்ப்புறத்தில் தங்குமிடங்கள் கட்டி, மருத்துவச் சோதனை முடித்தே கப்பலேற்றியது. உல்லாசத்துக்கு மட்டுமான கப்பலும், ஏழைகளுக்கான சோதனைக் கூடமும் ஒரே தலைவரின் மேற்பார்வையில், ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியில் எழுந்தன. இதனையே இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று மேலே குறித்தேன்.

1921-லும் 1924-லும் அமெரிக்கா சட்டமியற்றிக் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது. கீழ்த்தட்டுகள் வெறுமையாயின. நிறுவனங்கள் அவ்விடங்களுக்கு வண்ணம் பூசி, அறைகளாகத் தடுத்து, மலிவான சுற்றுலா வகுப்பு என்று பெயரிட்டன. அதில் ஏறியோருள் மாணவரும் ஆசிரியரும் மிகுதி. அதாவது, நம் போன்றோருக்கு அயல்நாடு காணும் வாய்ப்பு, ஏழைகளுக்குக் கதவடைத்த இடத்தில்தான் திறந்தது. அதே காலத்தில், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியதால், கரையைக் கடந்து சென்று குடித்துத் திரும்புவதற்கென்றே குறும்பயணங்கள் எழுந்தன. ஊருக்குப் போகாத கப்பல் நேற்றுத் தோன்றியதன்று.

ரஜூலாவின் மேல்தளம்

இனி நம் கடலுக்கு வருவோம். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிமார் செலுத்திய பணத்தைக் கொண்டு தொழிலாளரின் கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியோர், நோய்த்தடுப்புக்காகப் பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தங்கவைக்கப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை உதவியளித்து அனுப்பும் முறையைத் தடை செய்தது. அதன் பின்னரும் உறவினரைக் காணவும் ஊர் திரும்பவும் வணிகம் செய்யவும் மக்கள் கப்பலேறினர்.

அக்கப்பல்களுள் நம் நினைவில் நிலைத்தது ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. எட்டாயிரம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட அக்கப்பலில் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட 'டெக்' பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சிலருக்கே அறைகள். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்னும் உல்லாசக் கப்பல் ஏறத்தாழ 2,48,000 டன். அதில் செல்லக்கூடிய பயணிகள் மிகுதியாகப் போனால் 7,600 பேர். டன் என்பது ஈண்டுக் கப்பலின் எடையன்று, உள்ளிடத்தின் அளவு. கணக்கிடும் முறை இடையில் மாறியிருப்பினும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்றைய பயணிக்குத் தலைக்கு 32 டன்னுக்கு மேல் இடம். ரஜூலாவில் 2 டன்னுக்கும் குறைவு.

என் தாயார் கூறுவது இதுவே: ஒரு பாய் விரிக்கும் இடம்தான் குடும்பத்துக்கு வீடு. தலைமாட்டில் தகரப்பெட்டி. முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் வாந்தி. காற்றில் உப்பும் கரிப்புகையும் கலந்த நாற்றம். இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், ஒருநாள் வேறொன்றும் சொன்னார்: "எங்க அம்மா வேலை செய்யாம சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அந்தக் கப்பலிலேதான். அதுக்கு முன்னேயும் பார்க்கலே, பின்னேயும் பார்க்கலே." ஊரில் வயல்வேலை, இங்கு வந்தபின் பால்மரம். இரண்டுக்கும் இடையே சில நாள் கடல். ஆராய்ச்சிக்கு உரிய சான்று என்று இதனைக் கருதுகிறேன். கடற்பயணத்தின் உண்மைக் கவர்ச்சி யாது என்பதற்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது.

வானூர்தி செய்த மாற்றம்

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. சில நாள் பயணம் சில மணியாகச் சுருங்கிற்று. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றாக வேலை இழந்தன. பாலினுக்குக் குளிர்காலத்தில் மட்டும் வந்த இடர், இப்போது ஆண்டு முழுதும் வந்தது. தீர்வும் பழையதே: வெறுங்கப்பலை உல்லாசத்துக்கு விடுதல். 1972-இல் அமெரிக்காவில் தொடங்கிய கார்னிவல் நிறுவனத்தின் முதற்கப்பல், கனடாவுக்கு ஆள் ஏற்றிய பழைய கப்பலே. பிரெஞ்சு நாட்டின் பெருமையாக 1962-இல் ஓடத் தொடங்கிய பிரான்ஸ் என்னும் கப்பல் 1974-இல் நிறுத்தப்பட்டு, 1980-இல் நார்வே என்னும் பெயரோடு உல்லாசக் கப்பலாயிற்று. 2003-இல் மயாமித் துறையில் அதன் கொதிகலன் வெடித்துப் பணியாளர் 8 பேர் இறந்தனர். 2005-இல் அக்கப்பல் இழுத்துவரப்பட்டு நம் கிள்ளான் துறைமுகத்தருகே நின்றது. பின்னர் இந்தியாவின் அலாங் கரையில் உடைக்கப்பட்டது.

நம் பகுதியில், மலைமேல் சூதாட்ட விடுதி நடத்திவந்த கெந்திங் நிறுவனம் 1993-இல் ஸ்டார் குரூசஸ் என்னும் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது. குறும்பயணக் கப்பல்களில் சூதாட்ட அரங்கு முக்கிய இடம் பெற்றது. சாதுவன் சூதில் தோற்றபின் கப்பலேறினான். இக்காலத்தில் கப்பலேறியபின் சூதில் தோற்கிறார்கள்!

ரஜூலாவின் முடிவு எளிமையானது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டது. மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதற்குப்பின் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அவ்வாண்டோடு அக்கப்பலின் ஓட்டமும் முடிந்தது.

கப்பலே பள்ளியானது

ஆசிரியர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. ரஜூலாவை ஓட்டிய அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம், படைவீரரை ஏற்றிய டுனேரா என்னும் கப்பலை 1961-இல் மாணவர் கப்பலாக மாற்றியது. தேவோனியா, நெவாசா, உகாண்டா என்னும் கப்பல்கள் தொடர்ந்து வந்தன. பிரிட்டிஷ் பள்ளி மாணவர்கள் ஆசிரியரோடு அவற்றில் சென்றனர். கூட்டாகப் படுக்கும் அறைகள், வகுப்பறைகள், சொற்பொழிவுகள். அடுத்த துறையைப் பற்றிய பாடம் முந்தின நாளே நடக்கும். மறுநாள் இறங்கி நேரில் காண்பர். 1982 ஏப்ரலில் ஃபாக்லாந்துப் போருக்காக உகாண்டாவை அரசு எடுத்துக்கொண்டபோது, மாணவர்கள் இத்தாலியில் நேப்பிள்ஸ் துறையில் இறக்கப்பட்டனர். கப்பல் மருத்துவமனையாயிற்று.

1960-களில் ஒரே நிறுவனத்தின் ஒரு கப்பலில் ஆங்கிலச் சிறுவர் கிரேக்க வரலாறு கற்றுக்கொண்டு சென்றனர். மற்றொரு கப்பலில் நம் சிறுவர் பாயில் படுத்து வந்தனர். இதனைக் குறையாகக் கூறவில்லை. ஒரு கப்பலைப் பயனுடையதாக்குவது அதன் ஆடம்பரம் அன்று, ஏறுவோர் கொண்டு செல்லும் நோக்கம் என்பதற்கு டுனேரா சான்று. ரஜூலாவை விடப் பத்தாண்டு அளவே இளைய, போருக்குழைத்த பழங்கப்பல் அது.

கண்டவை

இறுதியில் நாங்கள் பயணம் சென்றோம், தாயாரும் வந்தார். உள்ளதை உள்ளவாறு கூறுவேன். கப்பல் அசைவதே தெரியவில்லை. உணவு மிகுதி. படியேற இயலாதோருக்கு மின்தூக்கி உண்டு. ஆசிரியைகள் இரண்டு நாள் அடுப்பங்கரையை மறந்தனர். அவர்கள் முகத்தில் கண்ட தெளிவை ஆண்டுக் கூட்டங்களில் நான் கண்டதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. கடலைப் பார்த்தோர் சிலரே. உள்ளே கடைகளும் ஆரவாரமும் நிறைந்திருந்ததால், கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில் இருந்ததற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு. நோய் வந்தால் இத்தகைய இடம் என்னவாகும் என்பதை 2020 பிப்ரவரியில் யோக்கோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் காட்டிற்று: கப்பலில் இருந்த 3,711 பேருள் 712 பேரைக் கோவிட் தொற்றியது. பயணிகள் அறைக்குள் அடைபட்டிருந்தபோது அவர்களுக்கு உணவு கொண்டு சென்றோர் பணியாளரே.

எங்கள் அறையைத் துப்புரவு செய்த இளைஞர் தூத்துக்குடிப் பக்கத்தவர். தாயார் முதல்நாளே அவரோடு பேசத் தொடங்கிவிட்டார்.

"வீட்டுக்கு எப்ப போவே தம்பி?"

"ஒன்பது மாச ஒப்பந்தம், பாட்டி. இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

ஒப்பந்தம் என்னும் சொல் அவர் காதில் எவ்வாறு விழுந்தது என்பதை நான் அறிவேன். எங்கள் குடும்பத்தில் அது பழைய சொல். எனினும் இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. 2013-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல்தொழிலாளர் உடன்படிக்கை, ஓராண்டு நிறையுமுன் ஊர் திரும்பும் உரிமையைக் கப்பலாளருக்கு வழங்குகிறது. அவ்விளைஞர் தாமே விரும்பி வந்தவர். ஊரில் வீடு கட்டுகிறார். ஆயினும் மேல்தட்டில் ஒருவர் ஓய்ந்திருக்க, கீழ்த்தட்டில் ஒருவர் உழைக்கும் அமைப்பு பாலின் காலம் முதல் மாறவில்லை. மறுநாட்காலை தாயார் தம் படுக்கையைத் தாமே விரித்துச் சீர்செய்து வைத்திருந்தார். "அந்தப் புள்ளைக்கு ஒரு வேலை குறையட்டும்" என்றார்.

முடிவு

மேலே கூறியவற்றால் விளங்குவன இவை. உல்லாசக் கப்பற்பயணம் மக்கள் வேண்டியதால் தோன்றியதன்று. கப்பல் வெறுமையாகக் கிடந்ததால் தோன்றியது. ஆகவே அதைச் சூழ்ந்துள்ள பகட்டிற் பெரும்பகுதி விற்போர் தேவைக்காக உண்டானது. அதில் மயங்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நடுவில் உண்மையான ஒன்று இருக்கிறது. அது ஓய்வு. வாழ்நாள் முழுதும் உழைத்தவருக்கு, யாரும் வேலைக்கு அழைக்க முடியாத சில நாட்களைக் கடல் தருகிறது. என் பாட்டியார் பாயில் அமர்ந்து பெற்றதும் அதுவே. எங்கள் ஆசிரியைகள் பெற்றதும் அதுவே. அக்கவர்ச்சியை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே செல்ல விரும்புவோர் செல்லலாம். கூடுமானால் துறைகளில் நின்று செல்லும் பயணத்தைத் தேர்ந்து, காணப்போகும் ஊரைப் பற்றி முன்னரே படித்துச் செல்க. பணியாளரின் ஊரையும் பேரையும் கேட்டறிக. திரும்பியபின் மாணவர்க்கு ரஜூலாவின் கதையையும் சேர்த்துச் சொல்லுக. அக்கப்பலில் சிறுவராக வந்தோர் இன்னும் சிலர் நம் தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் வாழ்கின்றனர். அவர்கள் கூறுவதை மாணவரைக் கொண்டு எழுதி வைத்தல் ஆசிரியர் செய்யத்தக்க நற்பணி.

கிள்ளானில் இறங்கும்போது, "கப்பல் எப்படியம்மா இருந்தது?" என்று தாயாரைக் கேட்டேன். "நல்லாத்தான் இருந்தது. நாகப்பட்டினம் போற கப்பல் விட்டா சொல்லு" என்றார்.